ஹெபடைடிஸ் சி-யில் கடிவாளம் பிடிக்கும் செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட ஹெபடைடிஸ் சி பற்றிப் பேச்செடுத்தாலே, "இத்தனை வருஷமாக உடம்பின் எதிர்ப்பு சக்தி என்னதான் செய்துகொண்டிருந்தது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். விடையில் ஒரு பங்கு, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற சிறு கூட்டத்திடம் இருக்கிறது. ஆய்வகங்களில் இவற்றைச் சுருக்கி 'டிரெக்' என்பார்கள். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும். கல்லீரலைத் தாக்கி இந்த நோயைத் தரும் வைரஸுக்கு எச்சிவி என்ற சுருக்கப் பெயர்.

டிரெக் என்றால் என்ன? மற்ற டி செல்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டி செல்கள், எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒரு வகை வெள்ளணுக்கள். அவற்றில் பெரும்பாலானவை சண்டைக்கு நிற்பவை. சிடி8 வகை, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்போய்க் கொல்லும். சிடி4 வகை, கூட இருந்து தூண்டிவிடும். இந்த சிடி4 கூட்டத்துக்குள்ளேயே சுமார் 5 முதல் 10 சதவீதம் செல்கள் நேர்மாறான வேலை பார்க்கின்றன. சண்டை எல்லை மீறாமல் கையைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் பொறுப்பு.

ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். சிடி25 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய செல்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மிச்ச டி செல்களை, டி செல்லே இல்லாத எலிகளுக்குள் செலுத்தினார். அந்த எலிகளின் உடம்பு தன் உறுப்புகளையே தாக்க ஆரம்பித்தது. 2001-இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும் ஒரு வகை எலியில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் எல்லாம் சேர்ந்து பாதிக்கப்படும். டிரெக்கை டிரெக்காக வைத்திருப்பதே ஃபாக்ஸ்பி3 தான் என்பது அடுத்த இரண்டு வருடங்களில் உறுதியானது. இந்த மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

எப்படி அடக்குகின்றன? மற்ற செல்களைக் கொன்றுவிடுமா?

சில சமயம் கொல்லவும் செய்யும். ஆனால் பெரும்பாலும் பட்டினி போட்டும் பேச்சைத் துண்டித்தும்தான் காரியம் சாதிக்கின்றன. சண்டைக்கார டி செல்கள் பெருக ஐஎல்-2 என்ற புரதம் வேண்டும். டிரெக்கின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் சிடி25 எக்கச்சக்கமாக இருப்பதால், வருகிற ஐஎல்-2-வை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து அதுவே சாப்பிட்டுவிடும். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் புரதங்களையும் சுரக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, டிரெக்கின் மேல் இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் செய்யும் வேலை. வைரஸின் துண்டை ஏந்திவந்து டி செல்லுக்குக் காட்டும் செல்களின் மேல், சிடி80, சிடி86 என்று இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். "இது நிஜ ஆபத்து, கிளம்பு" என்ற சைகை அவற்றிலிருந்துதான் வருகிறது. டிரெக் அந்தச் செல்லோடு ஒட்டி நின்று, தன் சிடிஎல்ஏ-4-ஆல் அந்தப் புரதங்களைப் பிடுங்கித் தனக்குள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் வருகிற டி செல், வைரஸின் துண்டைப் பார்க்கும், சைகை கிடைக்காது, சும்மா நிற்கும்.

எச்சிவி உடம்பில் தங்கிவிடுவதற்கு டிரெக் தான் காரணமா?

இல்லை. கூட்டாளிகளில் ஒன்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் ஆறு மாதங்களுக்குள் மருந்தே இல்லாமல் வைரஸை விரட்டிவிடுகிறார்கள். மற்றவர்களிடம் அது தங்கிவிடுகிறது. இதற்கு முதல் காரணம் வைரஸின் வேகம். சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழைதான் அதன் மொத்த மரபுச் செய்தி. நாள்பட்ட தொற்றில் ஒரே நாளில் லட்சம் கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் இல்லாததால், நகலுக்கு நகல் மாற்றம். டி செல் ஒரு முகத்தைப் படித்து முடிப்பதற்குள் வைரஸ் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

இரண்டாவது காரணம் களைப்பு. மாதக்கணக்கில் எதிரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சிடி8 செல்கள், பிடி-1 போன்ற தடைப் புரதங்களை ஏற்றிக்கொண்டு ஓய்ந்துவிடுகின்றன. மூன்றாவதாக, உதவிக்கு நிற்க வேண்டிய சிடி4 செல்களின் பதில் சீக்கிரமே சரிந்துவிடுகிறது. இந்தச் சரிவு நடந்தவர்களிடம் வைரஸ் பெரும்பாலும் தங்கிவிடும். டிரெக்கின் பங்கு இவற்றோடு சேர்ந்து வருவது.

தொற்று தொடங்கிய முதல் மாதங்களில், குணமாகப் போகிறவர் யார், ஆகாதவர் யார் என்று டிரெக் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க முடிவதில்லை. குற்றம் முழுவதையும் இவற்றின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் இவற்றின் மேல் சந்தேகம் எப்படி வந்தது?

2003 தொடங்கி அடுத்த சில வருடங்களில் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சோதனையைச் செய்தன. நோயாளியிடமிருந்து ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, குழித்தட்டுகளில் ஊற்றி, எச்சிவி-யின் புரதத் துண்டுகளைச் சேர்ப்பார்கள். டி செல்கள் உஷாரானால் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சுரக்கும். சுரந்த இடத்தில் சாயம் ஏறி ஒரு புள்ளி விழும். நாள்பட்ட தொற்று உள்ளவரின் குழியில் புள்ளிகள் அபூர்வம். அதே ரத்தத்திலிருந்து, காந்த மணிகளைக் கொண்டு சிடி25 செல்களை மட்டும் உருவி எடுத்துவிட்டு மறுபடி செய்தால், புள்ளிகள் கூடும். உருவியதைத் திரும்பச் சேர்த்தால் மறுபடி குறையும்.

ஆக, சண்டைக்கார செல்கள் செத்துவிடவில்லை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களின் ரத்தத்தில் டிரெக்கின் விகிதம், தொற்று இல்லாதவர்களையும் தானாகக் குணமானவர்களையும் விடக் கூடுதலாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டின.

சிம்பன்சிகளில் 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தக் கதையைக் கொஞ்சம் சிக்கலாக்கியது. வைரஸை முழுதாக விரட்டிய விலங்குகளிடமும் டிரெக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வைரஸை நினைவில் வைத்திருந்த டி செல்களை அங்கேயும் அடக்கியே வைத்திருந்தது. டிரெக் இருப்பதால் மட்டும் தோல்வி வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிரெக்கைப் பெருக வைப்பது வைரஸா, கல்லீரலா?

இரண்டும்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை.

கல்லீரல் இயல்பிலேயே பொறுமைசாலி. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. உணவின் துகள்களும் கிருமிகளின் சிதறல்களும் அதில் மிதந்து வரும். ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தால் உறுப்பு தாங்காது. 1969-இல் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை நிபுணர் ராய் கால்னின் குழு, ஒரு பன்றியின் கல்லீரலை இன்னொரு பன்றிக்கு வைத்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பல பன்றிகளின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தைத்தான் எச்சிவி குடியிருக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

வைரஸ் தன் பங்குக்கும் ஏதோ செய்கிறது. தொற்றுள்ள கல்லீரல் செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் சிடி4 செல்களை டிரெக் பக்கம் திருப்புவது ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. நாள்பட்ட தொற்றில் கலெக்டின்-9 என்ற புரதம் அதிகமாகிறது. அது டிரெக்கை வளர்க்கும், சண்டைக்கார செல்களைச் சாகடிக்கும். இவை தவிர, எங்கே அழற்சி நீடிக்கிறதோ அங்கே டிரெக் தானாகவே கூடும், வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் நோயாளியிடம் டிரெக் கூடியிருப்பதைப் பார்த்ததும் "வைரஸின் சதி" என்று எழுதிவிடுவது அவசரம்.

ரத்தத்தில் பார்ப்பதும் கல்லீரலில் பார்ப்பதும் ஒன்றா?

நிச்சயமாக இல்லை. சண்டை நடப்பது கல்லீரலில். ரத்தம் வெறும் சாலை.

கல்லீரல் திசுத் துணுக்கை எடுத்து, ஃபாக்ஸ்பி3-க்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நாள்பட்ட தொற்றில் பழுப்பு நிறக் கருக்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். ரத்தக் குழாயும் பித்தக் குழாயும் சேர்ந்து ஓடும் பாதைகளைச் சுற்றித்தான் பெரும்பாலும் நிற்கும். அழற்சிச் செல்கள் குவியும் இடமும் அதுவே. சிடி8-க்கு வேறு நிறம் கொடுத்துப் பார்த்தால், இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்பதைக் காணலாம். தொற்றில்லாத கல்லீரலில் இந்தப் பழுப்புக் கருக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தத் துணுக்கு முழுக் கல்லீரலில் 50,000-இல் ஒரு பங்குதான். கோயில் தூணில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கோயிலையே வர்ணிப்பது போன்ற வேலை இது. இருந்தாலும் ரத்தம் சொல்வதைவிட இது நம்பகம்.

இன்னொரு விஷயமும் கல்லீரலில்தான் தெரிந்தது. டிரெக்குக்கும் கடிவாளம் உண்டு. சண்டைக்கார செல்களை ஓய வைக்கும் அதே பிடி-1, தொற்றுள்ள கல்லீரலில் டிரெக்கின் மேலும் ஏறுகிறது. ஐஎல்-2-வின் சைகையை மட்டுப்படுத்தி, அவை அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. காவலுக்கே காவல்.

நேரடியாகக் கேட்கிறேன்: டிரெக் நல்லதா, கெட்டதா?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை தெரியுமல்லவா? எச்சிவி கல்லீரல் செல்லை நேரடியாகப் பெரிதாகக் கொல்வதில்லை. வைரஸைப் பிடிக்க வரும் நம் டி செல்கள்தான், பூச்சி இருக்கும் செல்லோடு சேர்த்து எரிக்கின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் தழும்பு விழும். தழும்பு முற்றினால் சிர்ரோசிஸ். தொற்று தேங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேர் 20 வருடங்களுக்குள் அந்த நிலைக்குப் போகக்கூடும்.

டிரெக் தீக்குச்சியைப் பிடுங்கி வைக்கிறது. வீடு தப்புகிறது, பூச்சியும் தப்புகிறது.

இதற்கு ஆதாரம் உண்டு. கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி ஏஎல்டி. பழைய ரிப்போர்ட்டுகளில் எஸ்ஜிபிடி என்று இருக்கும். வைரஸ் இருந்தும் ஏஎல்டி சாதாரணமாகவே ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிகளிடம், எச்சிவி-க்கு எதிரான டிரெக் அதிகமாகவும் சண்டைக்கார பதில் குறைவாகவும் இருப்பது 2006-இல் காட்டப்பட்டது. கல்லீரலில் டிரெக் அதிகமுள்ளவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதை 2010-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் டிரெக் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டாவே தழும்பு போடும் செல்களைத் தூண்டவும் வல்லது. அதனால் தழும்பு விஷயத்தில் எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை.

என் கருத்தைக் கேட்டால், பல வருடங்கள் தொந்தரவே இல்லாமல் இருந்த நோயாளி அந்த வருடங்களுக்காக டிரெக்குக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார். அதே வருடங்களில் வைரஸும் கடன்பட்டிருக்கிறது.

டிரெக் குறைந்துபோனவர்களும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அவர்களிடம்தான் இந்தச் செல்களின் அருமை தெரியும். எச்சிவி உள்ள சிலருக்கு, குளிரில் உறையும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் சேரும். கிரையோகுளோபுலின் என்று பெயர். அது சிறு ரத்தக் குழாய்களில் படிந்து அழற்சி உண்டாக்கும். கால்களில் சிவப்புப் புள்ளிகள், மூட்டுவலி, நரம்புகளில் மரத்துப்போதல், சிறுநீரகப் பாதிப்பு. இந்தச் சிக்கல் வந்தவர்களின் ரத்தத்தில் டிரெக் குறைவாக இருக்கும்.

2011-இல் பிரான்ஸில் ஒரு குழு, வழக்கமான சிகிச்சைக்கு மசியாத இப்படிப்பட்ட 10 பேருக்கு ஐஎல்-2-வை மிகக் குறைந்த அளவில் ஊசியாகக் கொடுத்தது. முதல் சுற்றில் 5 நாள், தினம் 15 லட்சம் யூனிட். பிறகு 3, 6, 9-ஆம் வாரங்களில் 5 நாள் வீதம் தினம் 30 லட்சம் யூனிட். அதிக அளவில் கொடுத்தால் சண்டைக்கார செல்களைத் தூண்டும் ஐஎல்-2, இவ்வளவு குறைவாகக் கொடுத்தால், சிடி25 நிறைய வைத்திருக்கும் டிரெக்குக்கே போய்ச் சேரும். எதிர்பார்த்தபடி டிரெக் கூடியது. 10 பேரில் 8 பேருக்கு ரத்தக் குழாய் அழற்சி தணிந்தது. டிரெக் கூடினால் வைரஸ் துள்ளுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. வைரஸ் அளவு ஏறவில்லை.

டிரெக் மட்டும்தானா, வேறு அடக்கும் செல்கள் உண்டா?

உண்டு. ஃபாக்ஸ்பி3 இல்லாமலே ஐஎல்-10 சுரந்து அடக்கும் சிடி4 செல்கள் எச்சிவி நோயாளிகளிடம் கண்டறியப்பட்டிருக்கின்றன. கல்லீரலில் ஐஎல்-10 சுரக்கும் சிடி8 செல்களும் அப்படியே. எலும்பு மஜ்ஜை வம்சத்தில் வரும் சில அடக்கும் செல்களையும், ஐஎல்-10 சுரக்கும் பி செல்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஆதாரம் அதிகம் குவிந்திருப்பது டிரெக் பக்கம்தான் என்பதால் இந்தக் கேள்வி பதில்கள் டிரெக்கைச் சுற்றியே போகின்றன.

டிரெக் எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

எச்சிவி-க்காக வேண்டாம். மருத்துவர் எடுக்கும் எந்த முடிவும் இந்த எண்ணால் மாறப்போவதில்லை. தேவையானவை எச்சிவி ஆர்என்ஏ, கல்லீரல் செயல்பாட்டுச் சோதனைகள், தழும்பின் அளவு. அவ்வளவுதான்.

எண்ணுவதும் சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. செல்களை ஒவ்வொன்றாக அளந்து எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. வலது மேல் மூலையில் சிடி25 அதிகமுள்ள செல்கள் தனித் தீவாக நிற்கும் என்று பாடப் படத்தில் இருக்கும். நிஜ ரத்தத்தில் அது தீவாக இல்லாமல், நடுக் கூட்டத்திலிருந்து நீளும் வால் போல இருக்கும். கோடு எங்கே போடுவது என்பது பாதி அனுபவம், பாதி பழக்கம். கோட்டை மயிரிழை நகர்த்தினால் 4 சதவீதம் 8 ஆகிவிடும். ஃபாக்ஸ்பி3 கருவுக்குள் இருப்பதால், அதைப் பார்க்கச் செல்லைத் துளைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் செல் அதற்கப்புறம் உயிரோடு இருக்காது. போதாக்குறைக்கு, மனிதர்களில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். 2006-இல் சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக இருப்பதும் டிரெக்கின் அடையாளம் என்று தெரிந்தபின் நிலைமை கொஞ்சம் தேறியது. பழைய ஆய்வுகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெக்கைத் தடுத்தால் வைரஸ் ஓடிவிடாதா?

யோசனை பழையது. சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் டிரெமிலிமுமாப் என்ற மருந்தை, எச்சிவி-யோடு கல்லீரல் புற்றும் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வைரஸ் அளவு குறைந்தது கவனிக்கப்பட்டது. ஆனால் கடிவாளத்தைக் கழற்றினால் குதிரை வைரஸை நோக்கி மட்டும் ஓடாது. குடல், தைராய்டு, கல்லீரல் என்று எதன் மேலும் பாயலாம். இதற்கிடையில் வைரஸின் நொதிகளை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலானவர்களுக்கு 8 அல்லது 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே 95 சதவீதத்துக்கு மேல் குணம். இவ்வளவு நல்ல கதவு திறந்திருக்கும்போது யாரும் கூரையைப் பிரித்து இறங்க மாட்டார்கள்.

வைரஸ் போனபின் எதிர்ப்பு மண்டலம் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

பாதி வரும், பாதி வராது. இயற்கைக் கொல்லி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் ஓரளவு சீக்கிரமே சகஜமாகின்றன. எச்சிவி-யைக் குறிவைக்கும் சிடி8 செல்கள் எண்ணிக்கையில் கூடி, கொஞ்சம் உயிர்ப்பும் பெறுகின்றன. ஆனால் களைத்துப்போனபோது அவற்றின் மரபுப் பொருளைச் சுற்றி விழுந்த மடிப்புகள் முழுதாக நீங்குவதில்லை. 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. 'தழும்பு' என்ற சொல்லையே அதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

டிரெக்கும் அப்படித்தான். மாத்திரைகளுக்கு முந்தைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் குணமானவர்களின் கல்லீரலில் வைரஸ் போய் வெகுநாள் கழித்தும் டிரெக் தங்கியிருந்தது. மாத்திரைகளால் குணமானவர்களின் ரத்தத்திலும் கூடிய விகிதம் தொடர்வதை 2017-இல் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தபின்னும் பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் வீடு திரும்பாத மாதிரி.

நடைமுறையில், குணமாகும் முன்பே சிர்ரோசிஸ் வந்துவிட்டவர்களுக்குக் கல்லீரல் புற்று அபாயம் குறைந்தாலும் பூஜ்யமாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனைத் தொடர வேண்டும். புற்றுக் கட்டிகளுக்குள்ளும் டிரெக் குவிந்து பாதுகாப்பு கொடுப்பது பொதுவாகத் தெரிந்த விஷயம். தங்கிவிட்ட டிரெக்கைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுவதற்கு அது ஒரு காரணம்.

'இம்யூனிட்டி' கூட்டும் பொடி, டானிக் சாப்பிட்டால் டிரெக் சரியாகுமா?

ஆகாது. இந்த வைரஸை விரட்டும் பொடி எதுவும் கிடையாது. சில மூலிகைச் சரக்குகள் கல்லீரலையே கெடுக்கும், சில அந்த மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை குணமானால் மறுபடி வராதா? தடுப்பூசி?

மறுபடி வரலாம். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்துகொண்டே இருக்கும், ஆனால் அது கவசம் இல்லை. அதனால்தான் குணமானவருக்கு ஆன்டிபாடி டெஸ்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆர்என்ஏ பார்க்க வேண்டும்.

தடுப்பூசி இன்னும் இல்லை. டி செல்களை உசுப்பிவிடும் ஒரு தடுப்பூசியை, ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்பவர்களிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். டி செல்கள் உசும்பின. தொற்றியவர்களிடம் வைரஸின் உச்ச அளவும் குறைந்தது. ஆனால் தடுப்பூசி போட்ட குழுவில் நாள்பட்ட தொற்று வந்தவர்கள் 14 பேர், போடாத குழுவிலும் 14 பேர்.